படகிலே ஒரு டெலிவிஷன்

காசிமேட்டிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மீன் கணக்கு எழுதும் நீளமான நோட்டிலிருந்து கிழித்த தாள். எழுத்தோ முத்து முத்தாக இருக்கிறது. அவர் வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு உண்டு. 'லாஞ்சு' என்றுதான் எழுதுகிறார். ஒரு தடவை கடலுக்குப் போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆகிவிடும். எட்டுப் பேர் போகிறார்கள். அதில் இவருடைய மூத்த பிள்ளையும் ஒருவன். "வலையைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை அம்மா, படகிலே ஒரு டி.வி. வாங்கி வை" என்று பிள்ளை நச்சரிக்கிறானாம். கடைக்குப் போய்க் கேட்டால் ஒருவர், "வீட்டு டி.வி.யே போதும், ஓர் இன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார். அடுத்த கடைக்காரர், "பன்னிரண்டு வோல்ட் பெட்டி இருக்கிறது, நேரே பாட்டரியில் மாட்டலாம்" என்கிறார். "பணம் கொடுக்கப் போகிறவள் நான். எதை வாங்கட்டும்? வாங்கி வைத்தால் படகுக்கு ஒன்றும் ஆகாதே?" என்று முடித்திருக்கிறார்.

எதை வாங்குவது என்பது அரை மணியில் தீருகிற விஷயம். படகுக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டாரே, அங்கேதான் எல்லாம் இருக்கிறது. ஆகையால் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

"எங்கள் வீட்டில் படகு ஏது, பரணில் அம்மிக்கல்தான் இருக்கிறது" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், மற்ற சகோதரிகளே! 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்துச் சென்னையில் பல தெருக்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தனவே, அப்போது நம் ஒவ்வொருவர் வீடும் ஒரு படகாகத்தான் இருந்தது. பாட்டரியில் எத்தனை மிச்சம், விளக்குக்கு எவ்வளவு, போனுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டவர்களுக்கு இந்தக் கட்டுரை புரியாமல் போகாது.

வடசென்னைக்கு மின்சாரம் புதிதல்ல. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் ஓட ஆரம்பித்து 2017-ல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் இருக்கிற வடசென்னை அனல் மின் நிலையம் இன்றும் ஓடுகிறது. ஆனால் அத்தனை புகைபோக்கிகள் இருந்து என்ன? துறைமுகத்தின் கல்சுவரைத் தாண்டிய அந்த நிமிஷத்திலிருந்து படகுக்குக் கரண்டு என்பது இரண்டே இடத்திலிருந்துதான். ஒன்று, எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஆல்டர்னேட்டர். பழைய மெக்கானிக்குகள் டைனமோ என்பார்கள். இன்னொன்று, அது நிரப்பி வைக்கிற பாட்டரி. எஞ்சின் ஓடுகிற வரை கவலை இல்லை. எஞ்சினை நிறுத்தி, வலையை விரித்து, ஐந்தாறு மணி நேரம் காத்திருக்கும்போது, படகிலுள்ள ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு கருவியும் அந்தப் பாட்டரியைத்தான் உறிஞ்சுகிறது. பையன்களுக்கு டெலிவிஷன் பார்க்க ஓய்வு கிடைப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான்!

அந்தப் பாட்டரியிடம் ஏற்கனவே எத்தனை பேர் கை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இரவில் மற்றக் கப்பல்களுக்குத் தெரிவதற்காக எரிய வேண்டிய விளக்குகள். இருக்கும் இடத்தைச் சொல்லும் ஜி.பி.எஸ். மீன் கூட்டத்தைக் காட்டும் எக்கோ சவுண்டர். கரையோடும் அக்கம்பக்கத்துப் படகுகளோடும் பேசும் வயர்லெஸ். இஸ்ரோ வடிவமைத்து, தமிழ்நாட்டு விசைப்படகுகளில் பொருத்தப்பட்டு வரும் டிரான்ஸ்பாண்டர். அபாயம் என்றால் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் செய்தி அனுப்புவது இதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார். அது சில விநாடிகள்தான் வேலை செய்கிறது. ஆனால் அந்தச் சில விநாடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர்களை ஒரே மூச்சில் கேட்கிறது. இளைத்துப்போன பாட்டரியால் அதைக் கொடுக்க முடியாது. 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

ஊரிலே கார் கிளம்பாவிட்டால் தெருப் பையன்கள் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லலாம். நடுக்கடலில் யாரைக் கூப்பிடுவது? பெரிய டீசல் எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்புவதும் நடக்கிற காரியம் இல்லை.

வயர்லெஸ் விஷயம் இன்னும் நூதனமானது. பாட்டரி இறங்கிவிட்டாலும் அது உடனே ஊமையாகிவிடாது. பிறர் பேசுவது காதில் விழுந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் கேட்பதற்குக் கொஞ்சம் கரண்டு போதும். ஆனால் பேசுவதற்குச் சுமார் ஐந்து ஆம்பியர் வேண்டும். பொத்தானை அமுக்கியதும் கருவி அணைந்துவிடும். 'வயர்லெஸ் வேலை செய்கிறதே' என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு, உதவி கேட்கிற வேளையில்தான் விஷயம் தெரியும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிப் பக்கம் வீசியபோது, பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட படகுகளுக்குச் செய்தி சொல்ல வழியில்லாமல் போயிற்று. எத்தனையோ வீடுகளில் அதன் துக்கம் இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகுதான் டிரான்ஸ்பாண்டர், செயற்கைக்கோள் என்று இத்தனை ஏற்பாடும் வேகம் பிடித்தது. இவ்வளவையும் செய்துவிட்டு, ராத்திரி இரண்டாவது சினிமாவுக்காக அந்தப் பாட்டரியையே காலி செய்தால் என்ன பிரயோஜனம்?

அதனால் பிள்ளைக்கு டி.வி. வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், சகோதரி. பத்து நாள், பன்னிரண்டு நாள், எட்டு ஆண்கள், நாலு பக்கமும் தண்ணீர். பொழுது போகாவிட்டால் என்னென்ன பழக்கம் வரும் என்று கரையிலிருக்கும் பெண்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தாராளமாக வாங்குங்கள். ஆனால் டெலிவிஷனுக்கு என்று தனியாக ஒரு பாட்டரி வாங்குங்கள். எஞ்சின் பாட்டரியை அது தொடவே கூடாது. பால் கணக்குக்கு எடுத்து வைத்த பணத்தில் நாம் சினிமா டிக்கெட் வாங்குகிறோமா? சீட்டுப் பணம் தனி, வீட்டுச் செலவு தனி, பண்டிகைக்குச் சேர்ப்பது தனி என்று மூன்று டப்பா வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் நீங்கள். அதே சாமர்த்தியம்தான் இங்கேயும்.

இரண்டு பாட்டரிகளையும் ஒரே ஆல்டர்னேட்டர் நிரப்பலாம். நடுவிலே 'ஐஸொலேட்டர்' என்று ஒரு கருவி போட வேண்டும். ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் கதவு மாதிரி அது. எஞ்சின் ஓடும்போது இரண்டுக்கும் கரண்டு போகும். எஞ்சின் நின்ற பிறகு டி.வி. தன் பாட்டரியைத்தான் குடிக்கலாம், பக்கத்து வீட்டுக் குடத்தில் கை வைக்க முடியாது. 'டி.வி. பாட்டரிக்கு ஐஸொலேட்டர் போட்டாயா?' என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். ஒரு பெண்பிள்ளை இப்படிக் கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். வேலை சுத்தமாக நடக்கும்.

இனி கணக்குக்கு வருவோம். வடசென்னையில் குடத்தைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். பாட்டரியும் ஒரு குடம்தான். '100 ஏ.எச்.' என்று மேலே எழுதியிருந்தால் நூறு ஆம்பியர்-மணி கொள்ளும் குடம் என்று அர்த்தம். ஒரு ஆம்பியர் வீதம் நூறு மணி நேரம், அல்லது இரண்டு ஆம்பியர் வீதம் ஐம்பது மணி நேரம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. காரீயமும் அமிலமும் கொண்ட சாதாரணப் பாட்டரியை அரைக் குடத்துக்குக் கீழே அடிக்கடி சாய்த்தால் அது சீக்கிரம் கெட்டுப் போகும். ஆக 100 என்று எழுதியிருந்தாலும் நமக்கு உள்ளது 50 தான்.

பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் 24 அங்குல எல்.இ.டி. பெட்டி சுமார் 30 வாட் எடுக்கும். முப்பதைப் பன்னிரண்டால் வகுங்கள். இரண்டரை ஆம்பியர். ராத்திரிக்கு நாலு மணி நேரம் பார்த்தால் பத்து ஆம்பியர்-மணி. எஞ்சின் ஒரு தடவைகூட ஓடாவிட்டாலும் அந்த அரைக் குடம் ஐந்து ராத்திரிக்கு வரும்.

முதல் கடைக்காரர் சொன்னபடி வீட்டிலே மாட்டுகிற 32 அங்குலப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அது 50 வாட். ஆனால் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக உயர்த்தித் தரும் இன்வெர்ட்டர் அந்த வேலையைத் தர்மத்துக்குச் செய்வதில்லை. கையில் வாங்கிய கரண்டில் ஆறில் ஒரு பங்கு, ஏழில் ஒரு பங்கு சூடாகவே போய்விடும். சும்மா ஆன் செய்து வைத்திருப்பதற்கே ஏழெட்டு வாட் தின்னும். எல்லாம் சேர்த்தால் ஐந்தரை ஆம்பியருக்கு மேல். அதே அரைக் குடம் இரண்டு ராத்திரியில் தீர்ந்து போகும். தவிர, உப்புத் தண்ணீர் சொட்டும் படகில், வெறுங்காலோடு ஈரக் கையோடு நடமாடுகிற இடத்தில், 230 வோல்ட்டை எதற்கு விலை கொடுத்து வரவழைத்துக்கொள்ள வேண்டும்? என் அபிப்பிராயத்தில் இரண்டாவது கடைக்காரர் சொன்னதே சரி. ஆனால் 'நேரே பாட்டரியில் மாட்டலாம்' என்றாரே, அதில் கொஞ்சம் அவசரம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு காலத்தில் டெலிவிஷன் என்பது மின்சாரத்தை விழுங்கும் பூதமாகத்தான் இருந்தது. உள்ளே வால்வுகள் செக்கச் சிவக்க எரிந்துகொண்டிருக்கும். 1959-ல் டில்லியில் ஒளிபரப்பு ஆரம்பமானது. அதற்கு அடுத்த வருஷமே ஜப்பானின் சோனி கம்பெனி, டிரான்ஸிஸ்டர்களை வைத்து, பாட்டரியில் ஓடக்கூடிய எட்டு அங்குலப் பெட்டி ஒன்றை வெளியிட்டது. நம் சென்னைக்கு டெலிவிஷன் வந்து சேர்ந்ததோ 1975 ஆகஸ்டு 15-ல். பிறகு வந்த 14 அங்குலக் கறுப்பு-வெள்ளைப் பெட்டிகள் சிலவற்றின் பின்புறம் 12 வோல்ட் சொருகும் துவாரம் ஒன்று இருந்ததைச் சிலர் நினைவு வைத்திருப்பீர்கள். கரண்டு போன ராத்திரியில் கார் பாட்டரியைக் கூடத்துக்குத் தூக்கி வந்து ஒளியும் ஒலியும் பார்த்த வீடுகள் உண்டு.

2006-லிருந்து தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த வண்ணப் பெட்டி உங்கள் பரணில் இன்னும் இருக்கலாம். 'புதிதாக ஏன் வாங்க வேண்டும், அதையே ஏற்றினால் என்ன?' என்று தோன்றும். வேண்டாம். அது 230 வோல்ட்டில் ஓடுவது, சுமார் 50 வாட் எடுப்பது. உள்ளே இருக்கிற கண்ணாடிக் குழாய்க்கு ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். உப்புக் காற்றில் பொறி பறக்கும். படகு ஆடுகிற ஆட்டத்தில் அந்தக் கனம் யார் மடியில் வந்து உட்காரும் என்றும் சொல்ல முடியாது.

கடையில் பெட்டியைப் பார்க்கும்போது திரையைப் பார்க்காதீர்கள். அதில் மயில் தோகை விரிக்கும், மாம்பழம் பளபளக்கும். எல்லாப் பெட்டியிலும் அப்படித்தான். திருப்பச் சொல்லிப் பின்புறச் சீட்டைப் படியுங்கள். சின்னப் பெட்டிகள் பலவற்றுக்கு லேப்டாப்புக்கு இருப்பது போல ஒரு கறுப்பு அடாப்டர் வெளியே தொங்கும். அந்த அடாப்டரில் 'அவுட்புட் 12 வோல்ட்' என்று இருந்தால், அந்தப் பெட்டி உண்மையில் 12 வோல்ட் பெட்டிதான். அடாப்டரைக் கழற்றிவிட்டுப் பாட்டரிக் கரண்டு கொடுக்கலாம். 19 வோல்ட் என்று இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போது அந்த அவசரத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வோல்ட் பாட்டரி பன்னிரண்டிலேயே நிற்பதில்லை. நிறைந்து ஓய்வாக இருக்கும்போது 12.7 காட்டும். எஞ்சின் ஓடி நிரம்பும்போது 14.4 வரை ஏறும். சுவர் அடாப்டரிலிருந்து கச்சிதமாகப் பன்னிரண்டு வாங்கிப் பழகிய பெட்டி இந்த ஏற்றத்தில் ஒரு நாள் கருகிப் போகலாம். ஆகையால் '10 முதல் 15 வோல்ட் வரை தாங்குமா?' என்று கேளுங்கள். லாரிக்கும் படகுக்கும் என்றே செய்த பெட்டிகள் தாங்கும். தாங்காது என்றால், எது வந்தாலும் 12 ஆக்கிக் கொடுக்கும் சின்ன ரெகுலேட்டர் ஒன்றை நடுவில் போட வேண்டும்.

உங்கள் லாஞ்சில் என்ன எஞ்சின் என்று எழுதவில்லை. 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியை நம் எண்ணூர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டாம். அந்த எஞ்சின்களின் கடல் வகை நம் கரையோரப் படகுகள் பலவற்றில் ஓடுகிறது. பெரிய எஞ்சின் என்றால் பெரும்பாலும் 24 வோல்ட். இரண்டு பாட்டரிகளை வரிசையாகக் கோத்திருப்பார்கள். இங்கே ஒரு குறுக்கு வழி உண்டு, அதில் பலர் விழுகிறார்கள். 'இரண்டில் ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் எடுத்தால் 12 வோல்ட் கிடைக்குமே' என்று டி.வி.யை அதில் மாட்டிவிடுவார்கள். கிடைக்கத்தான் கிடைக்கும். ஆனால் அந்த ஒரு பாட்டரி தினமும் பாதி காலியாகும், மற்றது நிறைந்தே இருக்கும். நிரப்பும்போது ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் ஒரே அளவாகத்தான் ஊட்டும். ஓடியாடி வந்த பிள்ளைக்கும் படுத்திருந்த பிள்ளைக்கும் ஒரே அளவு சோறு போட்டால் என்ன ஆகும்? ஒருவனுக்குப் பசி தீராது, இன்னொருவனுக்கு அஜீர்ணம். ஆறு மாதத்தில் இரண்டு பாட்டரியும் வீணாகும். 24-ஐ 12 ஆக இறக்கும் கன்வெர்ட்டர் மூலமாகத்தான் தனிப் பாட்டரியை நிரப்ப வேண்டும். அதுவும் பாட்டரி நிரப்புவதற்கென்றே செய்த கன்வெர்ட்டராக இருக்க வேண்டும்.

வயர் விஷயத்தில்தான் எல்லாரும் சிக்கனம் பிடிக்கிறார்கள். அடிபம்பில் தண்ணீர் மெல்ல வருகிற நாளில் சின்ன ரப்பர் குழாயை மாட்டினால் குடம் நிரம்புமா? வோல்ட் குறைந்த இடத்தில் வயர் தடித்திருக்க வேண்டும். பாட்டரியிலிருந்து டி.வி. எட்டு மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போக எட்டு, வர எட்டு, பதினாறு மீட்டர் வயர். மணியடிக்கிற மெல்லிய அரை எம்.எம். வயராக இருந்தால் வழியிலேயே ஒன்றரை வோல்ட் அளவுக்குத் தொலைந்து போகும். பாட்டரி 12.2-ல் இருக்கும்போதே டி.வி.க்குப் 10.8 தான் கிடைக்கும். படம் வந்து வந்து போகும். 'பாட்டரி சரியில்லை' என்று பழி பாட்டரி மேல் விழும். இரண்டரை எம்.எம். செப்புக் கம்பி போட்டால் கால் வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் நஷ்டம்.

செப்பு என்றதும் உங்களுக்கு இன்னொன்று ஞாபகம் வந்திருக்கும். பித்தளை அண்டாவில் புளி பட்டால் பச்சையாகக் களிம்பு ஏறுகிறதல்லவா? கடல் காற்றில் செப்புக் கம்பிக்கும் அதே கதிதான். வெளியே ரப்பர் பளபளவென்று இருக்கும், உள்ளே கம்பி பச்சையாகி மாவாகியிருக்கும். நம் பாட்டிமார் அண்டாவுக்கு என்ன வைத்தியம் செய்தார்களோ அதுவே வயருக்கும் வைத்தியம். ஈயம் பூசிய செப்புக் கம்பி என்றே படகுகளுக்காகத் தனியாகக் கிடைக்கிறது. விலை கூடத்தான். இணைப்புகளை வெறும் டேப் சுற்றி விடாமல், இறுக அமுக்கி, மேலே கிரீஸ் தடவச் சொல்லுங்கள். பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று அவசியம். வயர் எங்கேயாவது உரசித் தோல் போனால் ஃபியூஸ் போகட்டும். கீழே டீசலும், சமையலுக்கு எரிவாயுவும் இருக்கிற இடத்தில் வயர் பற்றிக்கொள்ளக் கூடாது.

பாட்டரி வைக்கும் இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். நிரம்பும்போது அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு ஒரு சின்னப் பொறிக்கு வெடிக்கக்கூடியது. கடல் தண்ணீர் உள்ளே புகுந்தால் குளோரின் என்ற விஷ வாயு உண்டாகும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற உயரமான டியூபுலர் பாட்டரி ஆட்டத்தில் அமிலத்தைக் கொட்டும். மூடி அடைத்த, தண்ணீர் ஊற்ற வேண்டாத வகையை வாங்கி, பெட்டியில் வைத்து, வாரால் கட்டிவிடுங்கள். லித்தியம் பாட்டரி இலேசானது, அதிகமாகக் காலி செய்யலாம். ஆனால் அதற்கென்று தனிச் சார்ஜர் வேண்டும். மேற்கூரையில் 100 வாட் சூரியப் பலகை ஒன்று வைத்தால் நம் வெயிலில் டி.வி. செலவை அதுவே ஈடுகட்டிவிடும்.

பெட்டியை எங்கே மாட்டுவது? பிள்ளைகள், சுக்கான் பிடிக்கும் அறையில்தான் வசதி என்பார்கள். இதில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள். பகல் காட்சிக்குத் தாமதமாகப் போய், இருட்டில் நாற்காலி தெரியாமல் யார் மடியிலோ உட்காரப் போன அனுபவம் பலருக்கு இருக்கும். வெளிச்சத்தைப் பார்த்த கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம், அரை மணி ஆகிறது. சுக்கான் பிடிப்பவர் டி.வி.யை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே பார்த்தால் முன்னால் கறுப்புத் திரைதான். காசிமேட்டுக்குத் தெற்கே ஒட்டினாற்போல் சென்னைத் துறைமுகம். வடக்கே 2001 முதல் எண்ணூரில் காமராஜர் துறைமுகம். அதற்கும் அப்பால் காட்டுப்பள்ளி. மூன்று துறைமுகக் கப்பல்களும் போய் வருகிற தண்ணீரில்தான் நம் பையன்கள் தொழில் செய்கிறார்கள். பெரிய கப்பல் பிரேக் போட்ட மாதிரி நிற்காது. மைல் கணக்கில் போய்த்தான் நிற்கும். ஒதுங்க வேண்டியது படகுதான். ஆகையால் டெலிவிஷன் படுக்கிற அறையில் இருக்கட்டும். அதன் வெளிச்சம் சுக்கான் பக்கம் விழாதபடி ஒரு கனத்த திரைச்சீலை தைத்துக் கொடுத்துவிடுங்கள். ஒலிபெருக்கியின் காந்தம் திசைகாட்டியைக் குழப்பும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இடைவெளி வேண்டும். மலிவான கன்வெர்ட்டர்கள் வயர்லெஸ்ஸில் கொரகொரவென்று இரைச்சலைக் கிளப்பும். டி.வி.யை ஓடவிட்டு, வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்த பிறகே மெக்கானிக்குக்குக் கூலி கொடுங்கள்.

"சரி, அதிலே எதைப் பார்ப்பது?" என்று கேட்பீர்கள். நாலைந்து மணி நேரம் ஓடிய படகில் செல்போன் சிக்னல் இருக்காது. இண்டர்நெட் இல்லாத 'ஸ்மார்ட்' டி.வி. வெறும் கண்ணாடி. டி.டி.எச். தட்டு 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளை ஆடாமல் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். படகிலே அது முடியாது. தானாகத் திரும்பிக்கொள்ளும் தட்டுகள் பெரிய கப்பல்களில் உண்டு, அதன் விலைக்கு நமக்கு வலையே வாங்கலாம். மொட்டை மாடி ஏரியலில் வந்த பழைய தூர்தர்ஷன் ஒளிபரப்பும் அநேக ஊர்களில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகையால் கரையிலேயே பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பதுதான் வழி. பெட்டியில் யு.எஸ்.பி. துவாரம் இருக்கிறதா, உங்கள் பென் டிரைவிலுள்ள படம் அதில் ஓடுகிறதா என்று கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 'ஸ்மார்ட்' என்ற வார்த்தைக்குக் கூடப் பணம் கொடுக்காதீர்கள்.

பென் டிரைவை நிரப்புவது மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும், சகோதரி. நாலு சினிமா போடுங்கள். கூடவே பேத்தி பள்ளி விழாவில் ஆடியது, தெருக்கோவில் திருவிழா, எட்டுப் பேர் வீட்டிலிருந்தும் ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்று போனில் எடுத்துச் சேருங்கள். ஆறாவது நாள் ராத்திரி அவர்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது எது என்று பிள்ளை வந்ததும் கேட்டு எழுதுங்கள்.

வேலையை எப்போது வைத்துக்கொள்வது என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம். எப்படியும் படகு கரையேறிப் பெயிண்டுக்கும் பழுதுக்கும் நிற்கும். அப்போதே வயர் இழுத்துவிடலாம். மாட்டிய அன்று ராத்திரி, எஞ்சினைக் கிளப்பாமல் நாலு மணி நேரம் டி.வி.யை ஓடவிடுங்கள். மறுநாள் காலையில் மீட்டரை வைத்துப் பாருங்கள். டி.வி. பாட்டரி 12.5 அளவில் இருந்தால் நம் கணக்கு சரி. எஞ்சின் பாட்டரியோ முந்தின நாள் இருந்த இடத்திலேயே, ஒரு புள்ளிகூட இறங்காமல் இருக்க வேண்டும். இறங்கியிருந்தால் ஐஸொலேட்டர் சரியாக இணைக்கவில்லை. மெக்கானிக்கைத் திரும்பக் கூப்பிடுங்கள்.